போகாத ஃபியூஸ்தான் ஆபத்து

பழனி மலையின் கிராமங்களில் ஃபியூஸ் மீது மக்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. மார்கழிப் பனியில், எல்லா வீட்டிலும் ஹீட்டரும் வெந்நீர்க் கெய்சரும் ஓடும் ஏழு மணி வாக்கில் டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போனால், மறுநாள் ஆள் வந்து மாற்றும்வரை இருட்டுதான். வாசலில் காட்டுமாடு வந்து நிற்கும் ஊரில் இருட்டு என்பது வெறும் அசௌகரியம் அல்ல. அதனால்தான் யாராவது ஒருவர் கம்பத்தில் ஏறித் தடித்த கம்பி ஒன்றைக் கட்டிவிட்டு இறங்குகிறார். ஊரும் அவரை வாழ்த்துகிறது. அந்த வாழ்த்தில் பிழை இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஃபியூஸ் போவது தொல்லை. போக வேண்டிய நேரத்தில் அது போகாமல் நிற்பது உயிராபத்து. சமவெளியைவிட மலையில் இந்த இரண்டாவது நிலைமைக்கே வாய்ப்பு அதிகம். அதற்குக் காரணம் ஃபியூஸ் கட்டையில் மட்டும் இல்லை. டிரான்ஸ்பார்மர் எங்கே நிற்கிறது, அங்கிருந்து வீடுவரை கம்பி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதில் இருக்கிறது. ஆகவே ஊர் கேட்க வேண்டியது தடித்த ஃபியூஸை அல்ல, பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரை.

முதலில் அந்தத் தடித்த கம்பியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். பீங்கான் ஃபியூஸ் கட்டையில் போடுவதற்கென்று வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி கடைகளில் விற்கிறது. 5 ஆம்பியருக்கு 0.2 மில்லிமீட்டர், 15 ஆம்பியருக்கு அரை மில்லிமீட்டர், 30 ஆம்பியருக்கு 0.85 மில்லிமீட்டர். விரலுக்குத் தட்டுப்படாத வித்தியாசம்தான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கம்பிகள் தம் அளவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னோட்டம் பாய்ந்தால்தான் உருகும். 15 ஆம்பியர் கம்பி உருக 28 ஆம்பியர் அளவுக்கு வேண்டும். இப்போது அதன் இடத்தில், மின்கம்பங்களில் ஓடும் வீசல் வகை அலுமினியக் கம்பியிலிருந்து ஓர் இழையைப் பிரித்து முறுக்கினால் என்ன ஆகும்? அந்த இழையின் கனம் 2.59 மில்லிமீட்டர். அது உருக ஏறத்தாழ 240 ஆம்பியர் வேண்டும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாங்குவது 15 ஆம்பியர் வாக்கில். ஆக, கட்டையில் இருக்கும் இழை சூடாகத் தொடங்கும் முன்பே சுவருக்குள் இருக்கும் வயரின் உறை உருகிவிடும். வீட்டு வயரே ஃபியூஸாகிவிடுகிறது. எரியும் இடம் மட்டும் கம்பத்திலிருந்து கூரைக்கு மாறிவிடுகிறது. தகரக் கூரைக்கு அடியில் மரப்பலகை அடித்த வீடுகள் இன்னும் நிறைய இருக்கும் மலையில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டிரான்ஸ்பார்மருக்கு ஒரே ஒரு ஃபியூஸ் போட்டால் போதும் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து வீடுகள் உள்ள ஒரு குடியிருப்புக்கு 10 கேவிஏ ஒற்றைக் கட்ட மின்மாற்றி வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுமையில் 11 ஆயிரம் வோல்ட் பக்கத்தில் ஓடுவது 0.9 ஆம்பியர்; 240 வோல்ட் பக்கத்தில் 42 ஆம்பியர். உயரழுத்தப் பக்கம் இருக்கும் ஃபியூஸை அந்த 0.9 ஆம்பியருக்கு ஒட்டிப் போட முடியாது. நின்றுபோன கரண்ட் திரும்பி வரும் கணத்தில் மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் தன் காந்தப்புலத்தைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டும். அதற்காக ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்கெல்லாம் உருகிவிடாத அளவுக்கு அந்த ஃபியூஸ் தளர்வாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் அது எதற்கு? மின்மாற்றிக்குள்ளேயே சுருள் எரிந்து குறுக்குச் சுற்று ஏற்பட்டால், அந்த ஒன்றை மட்டும் பிரித்துவிட்டு மற்ற ஊர்களுக்குப் போகும் உயரழுத்தக் கம்பியைக் காப்பாற்றத்தான். சுமை மிஞ்சி மின்மாற்றி வெந்துபோகாமல் பார்ப்பதும், தெருக்கம்பியைப் பார்ப்பதும் தாழ்வழுத்தப் பக்கத்து ஃபியூஸின் வேலை. வீட்டு வயரைக் காப்பது, ஓட்டம் மிஞ்சினால் தானாக விழும் வீட்டு எம்சிபி. மனிதனைக் காப்பது இவை எதுவுமில்லை. அது கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி. ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. ஒன்று இருக்கிறதே என்று மற்றொன்றை விட்டுவிட முடியாது.

இந்த ஏற்பாடு சமவெளியில் ஓரளவு வேலை செய்கிறது. மலையில் அதைத் தோற்கடிப்பது தூரம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கமெல்லாம் குடியிருப்புகள் சாலையோரமாக வரிசையாக இல்லை; காப்பித் தோட்டத்துக்கு நடுவே நாலு வீடு, ஓடைக்கு அப்பால் ஆறு வீடு என்று சிதறிக் கிடக்கின்றன. மின்மாற்றியை லாரி போகும் சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து 240 வோல்ட் கம்பியை மேட்டிலும் பள்ளத்திலும் இழுத்துக்கொண்டு போவது செலவு குறைந்த வழியாகத் தெரியும். கணக்கு போட்டுப் பார்த்தால்தான் அதன் விலை தெரியும். ஸ்குரல் வகை அலுமினியக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 1.39 ஓம் மின்தடை. போகவும் வரவும் சேர்த்து ஒரு கிலோமீட்டர் தள்ளி உள்ள வீட்டுக்கு 2.8 ஓம். அந்தக் கடைசி வீட்டருகே ஃபேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொண்டாலும், மின்மாற்றியின் தடையையும் சேர்த்தால், கம்பியில் பாயக்கூடியது 80 ஆம்பியருக்கும் குறைவு. மின்மாற்றியின் தாழ்வழுத்தப் பக்கத்தில் சரியான அளவில் 50 ஆம்பியர் எச்ஆர்சி (உறைக்குள் அடைத்த) ஃபியூஸ் போட்டிருக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். இத்தகைய ஃபியூஸ் தன் அளவைப் போல 1.6 மடங்கில், அதாவது 80 ஆம்பியரில், ஒரு மணி நேரத்துக்குள் உருகினால் போதும் என்பதே தரநிலை. ஆக, அங்கே கம்பிகள் ஒட்டிப் பொறி பறந்துகொண்டே இருந்தாலும் ஃபியூஸ் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் நிற்கலாம். உயரழுத்தப் பக்கத்திலோ அந்த 80 ஆம்பியர் 1.75 ஆம்பியராகத்தான் தெரியும். அது முழுச் சுமையின் இரு மடங்கு கூட இல்லை. அந்த ஃபியூஸுக்கு இப்படி ஒன்று நடக்கிறது என்பதே தெரியாது.

இதுவும்கூடக் கம்பியோடு கம்பி ஒட்டிய கதை. அறுந்த கம்பி தரையில் விழுந்தால் நிலைமை இன்னும் மோசம். பழனி மலையின் அடியில் இருப்பது சார்னோகைட் பாறை. அதன்மேல் மண் பல இடங்களில் மெல்லிய போர்வைதான். பாறை மேட்டில் எர்த் குழி தோண்டினால் நல்ல எர்த் கிடைப்பது கடினம். மண்ணின் தடை 50 ஓம் என்று வைத்தால்கூட, விழுந்த கம்பியிலிருந்து தரைக்குள் போவது 5 ஆம்பியருக்கும் குறைவு. அது ஒரு சாதாரண ஹீட்டர் இழுப்பதைவிடக் கம்மி. எந்த ஃபியூஸும் அதைக் கோளாறு என்று எண்ணாது. ஆனால் மனித உடலுக்கு 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே, அதாவது இந்த ஓட்டத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லாத அளவு சில நொடி நீடித்தாலே, இதயம் தாளம் தவறிவிடலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக் கரையைக் கடந்து மேற்கே வந்தபோது கொடைக்கானல் மலையிலும் மரங்கள் சாய்ந்தன, மின்கம்பங்கள் விழுந்தன. புயல் இல்லாத வருடத்திலும் வடகிழக்குப் பருவமழையில் வாட்டில் மரமும் யூகலிப்டஸும் கம்பியில் சாய்வது வழக்கம்தான். ஆகவே எல்லோரும் மனத்தில் இருத்த வேண்டிய ஒன்று உண்டு. விழுந்து கிடக்கும் கம்பியில் பொறி இல்லை, அடுத்த வீட்டில் விளக்கு எரிகிறது, ஃபியூஸ் போகவில்லை, அதனால் அது செத்த கம்பி என்று முடிவு கட்டக் கூடாது. மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்திவிட்டதாகச் சொல்லும்வரை அது உயிருள்ள கம்பிதான். ஈர நிலத்தில் பத்து மீட்டருக்குள் போகக் கூடாது. போய்விட்டால் கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு சின்னச் சின்ன எட்டாக விலக வேண்டும்.

உயரமும் குளிரும் தம் பங்குக்குச் சிலவற்றைச் சேர்க்கின்றன. கொடைக்கானல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். மின்மாற்றிகளுக்கான தரநிலை 1,000 மீட்டர் உயரம்வரை என்று வைத்து எழுதப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் காற்றிடைவெளியை ஒரு சதவீதம் கூட்ட வேண்டும், ஏனென்றால் மெல்லிய காற்று மின்பொறியைத் தடுப்பதில் பலவீனமானது. வீட்டில் போடும் எம்சிபியின் தரநிலையும் 2,000 மீட்டரோடு நின்றுவிடுகிறது. அதன் வெப்பத் தகடு 30 டிகிரி வெப்பத்தில் அளவு பார்த்துச் செய்யப்பட்டது. ஜனவரி இரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் வராந்தாவில் மாட்டியிருக்கும் எம்சிபி, தன்மேல் எழுதியிருப்பதைவிடச் சற்றுக் கூடுதலாக ஓட விட்டுத்தான் விழும். இது தனியாகப் பெரிய ஆபத்து இல்லை. வயரும் அதே குளிரில்தான் இருக்கிறது. ஆனால் அளவுக்கு மேலே ஒரு படி கூட்டிப் போடும் பழக்கத்தோடு இது சேரும்போது இருக்கும் கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் கரைகிறது.

ஸ்டெபிலைசரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் அது ஏறக்குறைய எல்லா விடுதியிலும் இருக்கிறது, அதன் இன்னொரு முகம் யாருக்கும் சொல்லப்படுவதில்லை. மேலே சொன்ன ஒரு கிலோமீட்டர் கம்பியில் இரண்டு கெய்சர் ஓடி 20 ஆம்பியர் பாய்ந்தால் 56 வோல்ட் வழியிலேயே போய்விடும். வீட்டுக்கு வருவது 184 வோல்ட். உடனே மெயின் லைனுக்கே 5 கேவிஏ ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டுகிறார்கள். ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. அதுவும் உள்ளுக்குள் ஒரு மின்மாற்றிதான். 160 வோல்ட்டை வாங்கி 230 ஆக்கி 22 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால், கம்பியிலிருந்து 31 ஆம்பியருக்கு மேல் இழுத்தாக வேண்டும். வீட்டுக்குள் எல்லாம் சரியாகத் தெரியும். மீட்டரிலிருந்து ஸ்டெபிலைசர் வரையுள்ள வயர் மட்டும் தன் அளவை மீறி வெந்துகொண்டிருக்கும். அதோடு ஒரு வீடு கூடுதலாக இழுத்தால் கம்பியில் வோல்டேஜ் இன்னும் இறங்கும், பக்கத்து வீட்டு ஸ்டெபிலைசர் அதைவிடக் கூடுதலாக இழுக்கும். சீசனில் விடுதிகள் நிறையும்போது சுற்றுவட்ட ஏழை வீடுகளில் பல்பு மங்குவதில் இந்தப் போட்டிக்கும் பங்கு உண்டு. ஸ்டெபிலைசர் வைக்கவே கூடாது என்பதில்லை. வைத்தால் அதன் உள்வரும் பக்கத்துக்கு, குறைந்த வோல்டேஜில் அது இழுக்கும் ஆம்பியரைக் கணக்கிட்டு வயரும் எம்சிபியும் போட வேண்டும்.

சொந்தமாகச் சிறிய ஒற்றைக் கட்ட மின்மாற்றி வாங்கி வைக்கும் தோட்டக்காரர்களும் விடுதிக்காரர்களும் உண்டு. அவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் எம்சிபி விழுகிறது, அதனால் 25-க்குப் பதில் 63 போட்டுவிட்டோம் என்பது. விழுவதன் காரணம் மேலே பார்த்த தொடக்க இழுப்பு. 5 கேவிஏ மின்மாற்றிக்கு முழுச் சுமை 21 ஆம்பியர். தொடங்கும் கணத்தில் 200 ஆம்பியரைத் தொடும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சி வகை எம்சிபி ஐந்து முதல் பத்து மடங்கில் உடனே விழும்படி செய்யப்பட்டது. டி வகை பத்து முதல் இருபது மடங்குவரை பொறுக்கும். ஆக மாற்ற வேண்டியது வகையை, அளவை அல்ல. அமெரிக்காவின் தேசிய மின் நெறி இதற்குத் தெளிவான வரம்பு வைத்திருக்கிறது: உள்வரும் பக்கம் மட்டும் பாதுகாப்பு என்றால் முழுச் சுமையின் 125 சதவீதம், வெளிச்செல்லும் பக்கத்திலும் 125 சதவீதத்தில் ஒன்று இருந்தால் உள்வரும் பக்கத்தை 250 சதவீதம்வரை தளர்த்தலாம். நல்ல கணக்கு, நமக்கும் பொருந்தும். ஆனால் மலையில் ஒரு கூடுதல் கவனம் வேண்டும். நீண்ட கம்பியின் கடைசியில் 80 ஆம்பியர்தான் பாய முடியும் என்றால், நூறு ஆம்பியரில்தான் உறுதியாக உடனே விழும் 10 ஆம்பியர் சி வகை அங்கே தயங்கும். ஐம்பதிலேயே விழும் பி வகைதான் அங்கே பொருந்தும். விளக்கு, கெய்சர், ஹீட்டர் போன்றவற்றுக்குத் தொடக்க இழுப்பு பெரிதாக இல்லை என்பதால் பி வகை வீணாக விழாது. கடைக்காரரிடம் வகையைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். அதே ஸ்குரல் கம்பி, அதே 10 கேவிஏ மின்மாற்றி. தூரத்தை மட்டும் ஒரு கிலோமீட்டரிலிருந்து 250 மீட்டராகக் குறைத்துப் பாருங்கள். 20 ஆம்பியர் சுமையில் இழப்பு 14 வோல்ட். வீட்டுக்கு 226 வோல்ட் வருகிறது. கடைசி வீட்டில் கம்பி ஒட்டினால் பாய்வது 250 ஆம்பியரைத் தாண்டுகிறது. 50 ஆம்பியர் எச்ஆர்சி ஃபியூஸ் அதை ஐந்து நொடிக்குள் துண்டித்துவிடும். மங்கலான விளக்கும் போகாத ஃபியூஸும் இரண்டு தனித்தனிக் குறைகள் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. இரண்டும் ஒரே நீளக் கம்பியின் விளைவு, இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே. உயரழுத்தக் கம்பியைக் குடியிருப்பின் பக்கம்வரை கொண்டுவந்து, பெரிய மின்மாற்றி ஒன்றுக்குப் பதிலாகச் சிறியவை சிலவற்றை வைப்பதுதான் அது. உயரழுத்தப் பகிர்மான முறை என்று மின்துறையே இதை அறியும். புதுமையாக எதையும் கேட்கவில்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம், காட்டுக்குள் உயரழுத்தக் கம்பி போனால் விலங்குகள் சாகும் என்பது. அக்கறையான வாதம், தட்டிக்கழிக்க முடியாது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு இதன் எடை கூடியிருக்கிறது. ஆனால் தாழ்ந்து தொங்கும் 240 வோல்ட் வெறுங்கம்பியும் கொல்லும். அதுவும் அறுந்து விழுந்தால் தானாக நிற்காத கம்பி. உறையிட்ட கம்பி, சாலையை ஒட்டிய பாதை, போதுமான உயரம் என்ற நிபந்தனைகளோடு உயரழுத்தத்தைக் கொண்டுவருவது, கேட்பாரற்ற தாழ்வழுத்தக் கம்பியை மரத்துக்கு மரம் இழுப்பதைவிட விலங்குக்கும் நல்லது. வன நிலம் என்பதே முட்டுக்கட்டை என்றும் சொல்லப்படுகிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, மின்கம்பி உள்ளிட்ட பொது வசதிகளுக்கு ஓரிடத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல், கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்க வழி செய்கிறது. பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு இது முக்கியமான வாசல். செலவு என்ற வாதத்துக்கும் பதில் உண்டு: நீண்ட தாழ்வழுத்தக் கம்பியில் வெப்பமாக வீணாகும் மின்சாரம் ஒவ்வொரு மாதமும் வாரியத்தின் கணக்கில்தான் இழப்பாக ஏறுகிறது.

மக்கள் பக்கமிருந்து வரும் மறுப்பு வேறு மாதிரி. மலையில் பனியும் ஈரமும் அதிகம், ஆர்சிசிபி மாட்டினால் சும்மா சும்மா விழுகிறது, பேசாமல் கழற்றிவிட்டோம் என்கிறார்கள். ஈரம் உண்மைதான். ஆனால் வெளிவிளக்கு, கெய்சர், அறைகள் எல்லாவற்றையும் ஒரே ஆர்சிசிபியின் கீழ் போட்டால் எங்கோ ஓர் இடத்துக் கசிவு வீட்டையே இருட்டாக்கும். வெளிவிளக்குக்கும் கெய்சருக்கும் தனித்தனியாகப் போட்டால் விழுவது அது மட்டும்தான், எது கெட்டிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அடிக்கடி விழும் கெய்சரில் பெரும்பாலும் காயில் உறை வெடித்திருக்கும். அந்தக் கெய்சரில் குளிப்பவர் யார் என்று யோசித்தால் கழற்ற மனம் வராது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (ஆர்சிசிபி அந்த வகைச் சாதனம்தான்) வேண்டும் என்பது விதியாகவே வந்துவிட்டது. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பெட்டி மட்டுமே.

உரிமை என்று வரும்போது கோட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மின்மாற்றி, கம்பம், மீட்டர்வரையுள்ள சர்வீஸ் வயர், மீட்டர் பக்கத்து வாரியக் கட்-அவுட் (ஃபியூஸ் கட்டை) எல்லாம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு. மீட்டருக்கு அப்பால் நம் பொறுப்பு. அந்த வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே செய்ய வேண்டும். 1956 இந்திய மின்சார விதிகள் தொடங்கி, மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள்வரை, மூன்று கடமைகள் வழங்குபவர் மேல் உள்ளன. ஃபேஸ் கம்பியில் கட்-அவுட் வைத்துத் தர வேண்டும், நியூட்ரலில் வைக்கக் கூடாது. வீட்டு இணைப்புக்கு எர்த் முனை ஒன்றைத் தந்து பராமரிக்க வேண்டும். இப்படி ஓர் உரிமை இருப்பதே பலருக்குத் தெரியாது. தெருவின்மேல் போகும் வெறுங்கம்பி அறுந்தால் அது தீங்கற்றதாக ஆகும்படி ஒரு பாதுகாப்புச் சாதனம் வைக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் நம் பேச்சின் மையம். ஒரு கிலோமீட்டர் கம்பியின் கடைசியில் போகாத ஃபியூஸ் இந்தக் கடமையை நிறைவேற்றவில்லை. அதைக் கணக்கோடு எழுதிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. 240 வோல்ட்டிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் ஏற இறங்கக் கூடாது என்ற அளவும் இருக்கிறது. 226-க்குக் கீழே போனால் அது புகாருக்குரியது. மறுபக்கம், கம்பத்தில் நாமே ஏறி ஃபியூஸ் கட்டுவது உயிராபத்து மட்டுமல்ல, சட்டப்படி வாரியத்தின் உடைமையில் தலையிடுவதும் ஆகும். பின்னால் ஏதாவது நேர்ந்தால் நம் வழக்கையே அது பலவீனமாக்கும்.

புகாரை மின்னகம் எண் 94987 94987-இல் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். இரவிலும் இயங்கும் எண் அது. தீராவிட்டால் திண்டுக்கல் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம், அதற்கு மேல் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். 2003 மின்சாரச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு தரும் வழி இது. குறைந்தபட்சச் சேவைத் தரத்தை எட்டத் தவறினால் இழப்பீடு தர வேண்டும் என்று 57-ஆம் பிரிவு சொல்கிறது. 2020 மின் நுகர்வோர் உரிமை விதிகள் குறைதீர்க்க அதிகபட்சம் 45 நாள் என்று வரம்பு கட்டின. 2024 திருத்தத்தின்படி மலைப்பாங்கான கிராமப் பகுதியில் புது இணைப்புக்கு 30 நாள் அவகாசம். சமவெளிக் கிராமத்துக்கு 15 நாள்தான். மலைக்கு இரட்டிப்பு அவகாசம் கொடுத்தாகிவிட்டது, அதற்கு மேலும் தாமதிக்க நிலப்பரப்பைக் காரணம் காட்ட முடியாது. வோல்டேஜ் கோளாறில் பொருள் எரிந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். மின்வழங்கலும் அச்சட்டத்தில் சேவைதான்.

உயிரிழப்பு நேர்ந்தால் நிலைமையே வேறு. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகள் காட்டுகின்றன. மத்தியப் பிரதேசத்தில், மழை இரவில் சாலையில் அறுந்து கிடந்த கம்பி பட்டு சைக்கிளில் வந்தவர் இறந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2002 ஜனவரியில் தீர்ப்பளித்தது. வேறு யாரோ கள்ளத்தனமாகக் கொக்கி போட்டதால் கம்பி விழுந்தது என்று வாரியம் சொன்னதை ஏற்கவில்லை. அபாயகரமான ஒன்றைக் கையாள்பவர், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும். அறுந்த கம்பி உயிரோடு சாலையில் கிடக்காதபடி பார்ப்பது அவர் கடமை என்றது. குடும்பத்தினர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இதை எடுத்துக்காட்டி இழப்பீடு கேட்கலாம். அதற்கு ஆவணம் வேண்டும்: முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, கம்பி கிடந்த நிலையிலேயே எடுத்த படம், மின் ஆய்வாளரின் விசாரணை அறிக்கை. மின்சாரச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு, அதன் கீழான விதிகளின்படி உயிரிழப்பு விபத்தை 24 மணி நேரத்துக்குள் வாரியம் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். கவனிக்க வேண்டியது, அந்தப் பிரிவு மனிதரை மட்டும் சொல்லவில்லை; விலங்கின் உயிரிழப்பும் காயமும் அதில் அடங்கும். சுமை சுமக்கும் ஒரு மட்டக்குதிரை கம்பி பட்டுச் செத்தாலும் விசாரணை கேட்கலாம். இன்று குதிரை செத்த இடம் நாளை பள்ளிப் பிள்ளை நடக்கும் பாதை என்பதால், அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குவது ஊருக்கே பயன்.

ஊராகச் செய்யக்கூடிய ஒரு காரியம் எளிது. மலிவாகக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரால் கடைசி மூன்று வீடுகளில் மாலை ஏழு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஒரு வாரம் வோல்டேஜைக் குறித்து வைக்க வேண்டும்; மீட்டர் பிடிக்கத் தெரிந்த வயர்மேன் செய்தால் நல்லது. மின்மாற்றியிலிருந்து கடைசி வீடுவரை கம்பங்களை எண்ணினால் தூரம் தெரியும். அந்த மின்மாற்றியின் எண், அதன் கேவிஏ, எத்தனை இணைப்பு, எந்தெந்த இடத்தில் மரம் கம்பியை உரசுகிறது என்பவற்றையும் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அதில் தீர்மானமாக வைத்து, குடியிருப்புக்கு அருகே சிறு மின்மாற்றி, தாழ்வழுத்தப் பக்கம் சரியான அளவில் எச்ஆர்சி ஃபியூஸ், மரங்களுக்கிடையே உறையிட்ட கம்பி, அறுந்தால் துண்டிக்கும் சாதனம் என்ற நான்கையும் பெயர் சொல்லிக் கேட்டு, நகலை உதவிச் செயற்பொறியாளருக்கும் மின் ஆய்வாளருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.